அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: ஆங்கிலத்தில் பாசிவ் வாய்ஸ் அமைப்பது எப்படி?

காரைக்குடியில் சாயங்கால நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளை வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற தம்பிகள், விருந்தினர் தங்கும் வீட்டில் சமையல் பார்க்கிற ஓர் ஆச்சி என்று பலரும் வருகிறார்கள். யார் வந்தாலும் பாசிவ் வாய்ஸ் பாடத்தில் அதே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்வியை எழுதி, என் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் போட்டிருப்பது வாய்விட்டுப் படிப்பதற்காக. கண்ணால் மட்டும் பார்த்தால் இந்தப் பாடம் ஒட்டாது.

“பாசிவ் வாய்ஸ்னா என்ன டீச்சர்? வாக்கியத்தைத் தலைகீழாத் திருப்பிப் போடறதுதானே?”

திருப்பிப் போடுவது வெளியே தெரிகிற வேலை. உள்ளே நடப்பது வேறு. பேச்சு யாரைப் பற்றியது, எதைப் பற்றியது என்று முதலில் முடிவு செய்கிறோம். அதுதான் வாக்கியத்தின் தலையில் வந்து உட்காரும்.

நம் ஊர் சிக்ரியை, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நேருவின் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டு வருகிறீர்கள் என்றால், “நேரு லெய்ட் தி ஃபவுண்டேஷன் ஸ்டோன் இன் 1948” என்பது சரியாக இருக்கும். சிக்ரியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றால், “தி ஃபவுண்டேஷன் ஸ்டோன் வாஸ் லெய்ட் பை நேரு இன் 1948.” நடந்தது ஒன்றே. முதல் வாக்கியம் செய்வினை, இரண்டாவது செயப்பாட்டுவினை. இந்தப் பக்கத்தின் தலைப்பில் இருக்கும் “கேட்கப்படும்” என்பதும் அதே வகைதான். யார் கேட்டார்கள் என்பதைவிடக் கேள்வி முக்கியம்.

“தமிழ்ல நாம இப்படிப் பேசறதே இல்லையே அக்கா. அப்புறம் இங்கிலீஷ்ல எப்படி வாயில வரும்?”

“சோறு வடிக்கப்பட்டது” என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை, உண்மைதான். ஆனால் “சோறு வடிச்சாச்சு” என்கிறோம். “இந்தக் கதவு பர்மாத் தேக்குல செஞ்சது”, “கடை அடைச்சிருக்கு”, “பத்திரிகை அடிச்சாச்சு” என்கிறோம். இந்த நாலிலும் வடித்தவர், செய்தவர், அடைத்தவர், அடித்தவர் யாரும் இல்லை. பொருள் மட்டும் நிற்கிறது. ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்வதுதான் பாசிவ்.

பள்ளியில் “-ப்படு” வழியாகவே சொல்லிக் கொடுப்பதால் இது நமக்கு அந்நியமானது என்று தோன்றிவிடுகிறது. “-ஆச்சு”, “-னது”, “-இருக்கு” என்று முடிகிற நம் பேச்சிலிருந்து போங்கள். பாதி தூரம் தானாகவே கடந்துவிடும்.

“ஃபார்முலாவை ஒரே வரியில சொல்லிருங்க.”

‘பி’ வினையின் ஒரு வடிவம், அதோடு வி3. அவ்வளவுதான். ‘பி’ என்பது இஸ், ஆம், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன், பி என்ற குடும்பம். வி3 என்பது வினையின் மூன்றாவது வடிவம். செயப்படுபொருளை முன்னால் கொண்டு வாருங்கள், காலத்துக்கும் ஒருமை பன்மைக்கும் ஏற்ற ‘பி’ போடுங்கள், வி3 சேருங்கள். செய்தவரைச் சொல்ல வேண்டுமானால் கடைசியில் ‘பை’ போட்டுச் சொல்லுங்கள்.

இரண்டில் ஒன்று விடுபட்டாலும் வாக்கியம் நிற்காது. வீடு சுற்றிக் காட்டும் தம்பிகள் பலர் “தி பில்லர்ஸ் ப்ராட் ஃப்ரம் பர்மா” என்கிறார்கள். இதைக் கேட்பவர், தூண்கள் பர்மாவிலிருந்து எதையோ கொண்டுவந்தன போல, எதை என்று காத்திருப்பார். “தி பில்லர்ஸ் வேர் ப்ராட் ஃப்ரம் பர்மா” என்று ஒரு ‘வேர்’ சேர்த்தால் தூண்கள் வந்து சேர்ந்துவிடும். “ஐ பார்ன் இன் காரைக்குடி” என்பதும் இதே பிழை. பிறப்பது நாம் செய்கிற செயல் என்று தமிழ் நினைக்கிறது. ஆங்கிலமோ அம்மா நம்மைப் பெற்றெடுத்தார் என்ற பக்கத்திலிருந்து பார்க்கிறது. அதனால் “ஐ வாஸ் பார்ன்.” “அழகப்பச் செட்டியார் வாஸ் பார்ன் அட் கோட்டையூர் இன் 1909.”

“வி3 மனசுல நிக்கவே மாட்டேங்குது. வி2 போட்டா என்ன?”

பெரும்பாலான வினைகளில் இரண்டும் ஒன்றே, அதனால் தப்பித்துக்கொள்வீர்கள். மாட்டுவது மற்றவற்றில்தான். அதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். வினையைப் பெயருக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். நம்மிடம் அவித்த முட்டை, வறுத்த கறி, அரைத்த மசாலா, உடைத்த தேங்காய் என்று பெயரெச்சம் இருக்கிறது. முட்டை யாரையும் அவிக்கவில்லை, அதுதான் வேக வைக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வருவது வி3: பாயில்டு எக், ஃப்ரைடு மட்டன், கிரவுண்ட் மசாலா, ப்ரோக்கன் கோக்கனட். “ப்ரோக் கோக்கனட்” என்று சொல்லிப் பாருங்கள், காதே மறுக்கும். அப்படியானால் “தி கோக்கனட் வாஸ் ப்ரோக்” என்பதும் தவறு, “வாஸ் ப்ரோக்கன்” என்றுதான் வரும்.

மனப்பாடம் செய்ய வேண்டியவற்றை அகரவரிசையில் படிக்காமல் ஓசையில் படியுங்கள். ப்ராட், பாட், டாட், தாட், காட் ஒரு கூட்டம். ரிட்டன், கிவன், டேக்கன், ஈட்டன், ஸ்டோலன் இன்னொரு கூட்டம். கட், புட், ஷட் மூன்று வடிவத்திலும் மாறவே மாறாது.

“டென்ஸ் மாறினா எல்லாம் குழம்புது. பன்னிரண்டு டேபிளையும் நெட்டுருப் போடணுமா?”

வேண்டாம். ஒரே விதி போதும்: செய்வினையில் முக்கிய வினை எந்த வடிவத்தில் இருந்ததோ, அந்த வடிவத்தை ‘பி’ எடுத்துக்கொள்ளும். முக்கிய வினை எப்போதும் வி3 ஆகிவிடும்.

பழைய வீட்டை ஒருவர் பழுது பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “ஹி ரிப்பேர்ஸ் தி ஹவுஸ்” என்றால் “தி ஹவுஸ் இஸ் ரிப்பேர்டு.” “ரிப்பேர்டு” என்று இறந்தகாலமானால் “வாஸ் ரிப்பேர்டு.” “வில் ரிப்பேர்” என்பதில் வினை வெறுமனே நிற்கிறது, எனவே ‘பி’யும் வெறுமனே நிற்கும்: “வில் பி ரிப்பேர்டு.” கேன், மஸ்ட், ஷுட் எல்லாம் இதே போலத்தான்: “மஸ்ட் பி ரிப்பேர்டு.” “இஸ் ரிப்பேரிங்” என்பதில் ‘இங்’ இருக்கிறது, அது ‘பி’க்குப் போகும்: “இஸ் பீயிங் ரிப்பேர்டு.” “ஹாஸ் ரிப்பேர்டு” என்பதில் ஹாஸுக்குப் பின் வி3 இருக்கிறது, ‘பி’யின் வி3 பீன்: “ஹாஸ் பீன் ரிப்பேர்டு.” வாஸ் பீயிங், ஹாட் பீன், வில் ஹாவ் பீன் என்பவை இவற்றின் உறவுக்காரர்கள்.

மொத்தம் எட்டு. “ஹாஸ் பீன் ரிப்பேரிங்” வகையை யாரும் பாசிவ் ஆக்குவதில்லை. “வில் பி பீயிங்” என்பதும் அப்படியே. அவற்றை விட்டுவிடலாம்.

“பீயிங்குக்கும் பீனுக்கும் என்னதான் வித்தியாசம்? ரெண்டும் ஒரே மாதிரி காதுல விழுது.”

தமிழில் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். “சுவர் பூசிக்கிட்டு இருக்காக” என்றால் பீயிங். “சுவர் பூசியாச்சு” என்றால் பீன். பீயிங் என்றால் வேலை நடக்கிறது, சாரம் கட்டியிருக்கிறது, கிட்டே போனால் சுண்ணாம்பு தெறிக்கும். பீன் என்றால் ஆள் போயாயிற்று.

வேலை செய்கிற இடத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை. “யுவர் ரூம் இஸ் பீயிங் க்ளீன்டு” என்று சொல்ல வேண்டிய தம்பி “ஹாஸ் பீன் க்ளீன்டு” என்று சொல்லிவிட்டால், விருந்தாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அறைக்குப் போய்விடுவார். துணை வினையையும் கவனியுங்கள். பீயிங்குக்கு முன்னால் இஸ், ஆர், வாஸ், வேர். பீனுக்கு முன்னால் ஹாஸ், ஹாவ், ஹாட். இந்த ஜோடி மாறவே மாறாது.

“பை போட்டு ஆளைச் சொல்றது கட்டாயமா?”

கட்டாயம் இல்லை. ஆள் யார் என்று தெரியாதபோது, சொல்லத் தேவையில்லாதபோது, சொல்லாமலே புரியும்போது விட்டுவிடுகிறோம். “தி தீஃப் வாஸ் அரெஸ்டட்” என்றால் போதும், பை தி போலீஸ் என்பது வீண். பை சம்ஒன், பை பீப்பிள் என்று போடுவதை நான் எப்போதும் அடித்துவிடுவேன். பள்ளித் தேர்வில் முழு விடையாகக் கேட்டால் மட்டும் கேட்டபடி எழுதுங்கள்.

ஆனால் ஆள் தெரிந்திருந்தால், அதைச் சொல்வதில் புதுச் செய்தி இருந்தால், தவறாமல் போடுங்கள். ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் அழுத்தமான இடம். “தி டோர்ஸ் வேர் கார்வ்டு” என்று நிறுத்தினால் நிலைக்கதவில் இருக்கும் அத்தனை வேலைப்பாடும் தானாக முளைத்தது போலாகும். “தி டோர்ஸ் வேர் கார்வ்டு பை லோக்கல் கார்ப்பென்டர்ஸ்” என்றால் இந்த மண்ணின் ஆசாரிகள் அந்த வாக்கியத்துக்குள் வருகிறார்கள். நம் பக்கத்து வீடுகளில் கட்டிய செட்டியார் பெயர் முகப்பிலேயே இருக்கும், செதுக்கியவர் பெயர் இருக்காது. அதனால்தான் சுற்றிக் காட்டுகிற தம்பிகளிடம் இந்த ‘பை’யை விடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

“‘ஆல்’னு வந்தா எல்லாத்துக்கும் பை போடலாமா?”

கூடாது. தமிழில் மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ செய்தவருக்கும் வரும், கருவிக்கும் வரும்: கொத்தனாரால், கரண்டியால். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. செய்தவருக்கு பை, கையில் எடுத்த கருவிக்கும் பூசிய பொருளுக்கும் வித். “தி வால் வாஸ் பாலிஷ்டு பை தி மேசன் வித் எ ஸ்மூத் ஸ்டோன்.” ‘பை ஹேண்ட்’ மட்டும் நிலையான வழக்கு. “ஆத்தங்குடி டைல்ஸ் ஆர் மேட் பை ஹேண்ட்.”

மூலப்பொருளுக்கு இன்னும் இரண்டு சொல் உண்டு. பொருள் கண்ணுக்கு அப்படியே தெரிந்தால் ‘மேட் ஆஃப்’: “தி பில்லர் இஸ் மேட் ஆஃப் டீக்.” உருமாறிப் போயிருந்தால் ‘மேட் ஃப்ரம்’: “பணியாரம் இஸ் மேட் ஃப்ரம் ரைஸ் அண்ட் உளுந்து.” நோன், இன்ட்ரஸ்டட், மேரீட் போன்றவை தங்களுக்கென்று சொல் வைத்திருக்கின்றன: நோன் டு, இன்ட்ரஸ்டட் இன், மேரீட் டு. “மேரீட் வித்” என்பது நம் ‘உடன்’, ‘ஓட’ செய்கிற வேலை.

“ஆத்தங்குடி கல் எப்படிச் செய்யிறாகன்னு டூரிஸ்டுக்கு விளக்கணும். ஒவ்வொரு வரிக்கும் ‘தே’ போட்டா நல்லாவா இருக்கு?”

நல்லா இல்லை. செய்முறை விளக்கம்தான் பாசிவ் முழுசாகத் தன் வேலையைக் காட்டுகிற இடம். வாக்கியத்துக்கு வாக்கியம் கல்லே, அதாவது தரையில் பதிக்கிற டைலே முன்னால் நிற்க வேண்டும். எங்கள் வகுப்பில் பழகுகிற வரிகள் இவை: “எ மோல்டு இஸ் பிளேஸ்டு ஆன் எ கிளாஸ் பிளேட். கலர்டு சிமென்ட் இஸ் போர்டு இன்டு தி டிசைன். ட்ரை சிமென்ட் அண்ட் சாண்ட் ஆர் ஸ்ப்ரெட் ஓவர் இட். வெட் மார்ட்டர் இஸ் பிரஸ்டு ஆன் டாப். தி டைல் இஸ் ட்ரைடு, அண்ட் தென் இட் இஸ் சோக்டு இன் வாட்டர்.” இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “இட் இஸ் நாட் ஃபயர்டு.” பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று எல்லாரும் கேட்பார்கள். அடியில் இருந்த கண்ணாடிதான் காரணம். அங்கே செய்வினைக்குத் திரும்பிவிடுங்கள்: “தி கிளாஸ் கிவ்ஸ் இட் தி ஷைன்.”

சமையல் பார்க்கிற ஆச்சி இதைக் கேட்டுவிட்டு, “ஆத்தா, அப்ப வெள்ளைப் பணியாரத்துக்கும் இதேதானே?” என்றார். அதேதான். “ரைஸ் அண்ட் உளுந்து ஆர் சோக்டு. தே ஆர் கிரவுண்ட் டு எ பேட்டர். தி பேட்டர் இஸ் போர்டு இன்டு ஹாட் ஆயில் வித் எ லேடில்.” கரண்டிக்கு வித் வந்திருப்பதைப் பாருங்கள். கிரைண்ட் என்பதன் வி3 கிரவுண்ட், கிரைண்டட் இல்லை.

“‘மை கிராண்ட்ஃபாதர் வாஸ் எக்ஸ்பயர்டு’ன்னு லீவ் லெட்டர்ல எழுதினேன். டீச்சர் சிவப்புல சுழிச்சுட்டாக. ஏன்?”

எக்ஸ்பயர், டை, ஹேப்பன், கம், கோ, ஸ்லீப், அரைவ் எல்லாம் செயப்படுபொருள் குன்றிய வினைகள். ‘எதை’, ‘யாரை’ என்று கேட்டால் பதில் வராது. முன்னால் கொண்டுவர ஒரு பொருளே இல்லாதபோது பாசிவ் எப்படி வரும்? “மை கிராண்ட்ஃபாதர் டைடு” அல்லது “பாஸ்டு அவே” என்றால் போதும். “அன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்” என்பதிலும் அந்த ‘வாஸ்’ வேண்டாம்.

பொருள் இருந்தும் திரும்பாத வினைகள் சில உண்டு. ஹாவ், லாக், ரிசெம்பிள், சூட் போன்றவை. “ஐ ஹாவ் எ கார்” என்பதை “எ கார் இஸ் ஹாட் பை மி” ஆக்க முடியாது. அவற்றில் செயல் என்று ஒன்றும் நடப்பதில்லை.

“கல்லு உடைஞ்சு போச்சுன்னா ‘ப்ரோக்’கா, ‘வாஸ் ப்ரோக்கன்’னா?”

இரண்டும் சரி, சொல்லும் செய்தி வேறு. தமிழில் உடைந்தது, உடைத்தான் என்று இரண்டு வினை தனித்தனியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ப்ரேக் ஒன்றே இரண்டையும் செய்கிறது. தானாக உடைந்தது என்றால் “தி டைல் ப்ரோக்.” யாரோ உடைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் வந்தால் “தி டைல் வாஸ் ப்ரோக்கன்.” ஓப்பன், க்ளோஸ், மெல்ட், பர்ன் இப்படியே.

“வாஸ் ப்ரோக்கன்” என்பதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. நான் போய்ப் பார்த்தபோது உடைந்த நிலையில் கிடந்தது என்பது. எது என்று சுற்றியுள்ள வாக்கியம்தான் சொல்லும்.

“ரெண்டு ஆப்ஜெக்ட் இருந்தா எதை முன்னால கொண்டு வர்றது?”

எதைப் பற்றிப் பேச்சோ அதை. சிக்ரிக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். “ஹி கேவ் தி கவர்ன்மென்ட் 300 ஏக்கர்ஸ்” என்பதை “தி கவர்ன்மென்ட் வாஸ் கிவன் 300 ஏக்கர்ஸ்” என்றும் சொல்லலாம், “300 ஏக்கர்ஸ் வேர் கிவன் டு தி கவர்ன்மென்ட்” என்றும் சொல்லலாம். இரண்டாவதில் ‘டு’ வருவதை மறக்கக் கூடாது.

முதல் வகை நமக்குக் கூச்சமாக இருக்கும். தமிழில் ‘அரசு கொடுக்கப்பட்டது’ என்று வராதே என்று தோன்றும். ஆங்கிலத்தில் அதுதான் சகஜம். “ஐ வாஸ் கிவன் எ ரூம்”, “ஷி வாஸ் ஆஃபர்டு எ ஜாப்” என்று தயங்காமல் பேசுங்கள்.

“கேள்வி வாக்கியம், கட்டளை வாக்கியம் எல்லாம் பரீட்சையில கேக்குறாங்களே?”

“ஹூ பில்ட் திஸ் ஹவுஸ்?” என்றால் தேர்வில் “பை ஹூம் வாஸ் திஸ் ஹவுஸ் பில்ட்?” பேச்சில் “ஹூ வாஸ் திஸ் ஹவுஸ் பில்ட் பை?” “டிட் தே செல் இட்?” என்றால் “வாஸ் இட் சோல்டு?” டிட் காணாமல் போய்விடும். “ஷட் தி டோர்” என்றால் “லெட் தி டோர் பி ஷட்.” ப்ளீஸ் இருந்தால் “யு ஆர் ரெக்வெஸ்டட் டு ஷட் தி டோர்.” இந்த ‘லெட்’ வாக்கியத்தைத் தேர்வுத் தாளுக்கு வெளியே யாரும் பேசிக் கேட்டதில்லை. எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள்.

“‘தே மேட் ஹிம் வெயிட்’ இதை மாத்தும்போது ‘டு’ எங்கிருந்து வந்துச்சு?”

மேக், சீ, ஹியர் இவற்றுக்குப் பின் செய்வினையில் ‘டு’ மறைந்திருக்கும், பாசிவில் வெளியே வந்துவிடும்: “ஹி வாஸ் மேட் டு வெயிட்.” லெட்டுக்குப் பதிலாக “வாஸ் அலவ்டு டு” என்று போட்டுவிடுங்கள். இரண்டு சொல்லாலான வினையில் வால் அறுந்துவிடாமல் பாருங்கள். “தி சைல்டு வாஸ் லுக்டு ஆஃப்டர் பை ஹெர் ஆயா.” அந்த ஆஃப்டர் போனால் பிள்ளையைக் கவனிக்க ஆள் இல்லை.

“‘காட் ஹர்ட்’, ‘காட் காட்’னு படத்துல பேசுறாங்க. அதுவும் பாசிவா?”

ஆமாம். பேச்சு வழக்கில் ‘பி’ இடத்தில் ‘கெட்’ வரும். நம் ‘படு’வின் பழைய குணம் இதில் இருக்கிறது. அடிபட்டான், உதைபட்டான், மாட்டிக்கொண்டான் என்கிறோமே, அனுபவித்தவன் பக்கம் நின்று சொல்வது. “ஹி காட் ஹர்ட்” அதுதான். “காட் காட்” என்பதில் முதலாவது கெட்டின் இறந்தகாலம், இரண்டாவது கேட்ச்சின் வி3. விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் வேண்டாம், அங்கே வாஸ் போடுங்கள்.

“நல்ல இங்கிலீஷ்ல பாசிவே வரக் கூடாதுன்னு சொல்றாங்களே, அப்ப எதுக்குப் படிக்கணும்?”

வரக் கூடாத இடம் ஒன்று உண்டு. பொறுப்பை ஒளிக்கிற இடம். ஒருமுறை ஓர் அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது: “யுவர் ஃபைல் ஹாஸ் பீன் மிஸ்பிளேஸ்டு.” யார் தொலைத்தார்கள், யார் தேடுவார்கள் என்று ஒரு சொல் இல்லை. மூன்று முறை நடந்தேன். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் கிடையாது. ஆனால் அதில் ஒரு மனிதர்கூட இல்லை, போய் யாரைக் கேட்பது? பிள்ளைகளிடம் நான் சொல்வது, தவறு உங்களுடையதானால் ‘ஐ’ போட்டு எழுதுங்கள்: “ஐ லாஸ்ட் தி புக்.”

மற்றபடி, மேலே கல் செய்முறையில் பார்த்தோமே, அங்கே பாசிவ் இல்லாமல் பேசத்தான் முடியுமா?

“சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு போட்டாகன்னு எல்லாரும் சொல்றாக. நான் பாத்ததில்லை. அதை எப்படி இங்கிலீஷ்ல சொல்றது?”

இதுவரை வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. சொன்னவர் பலர், யாரும் குறிப்பாக இல்லை. அதனால் “இட் இஸ் செட் தட் தி வால்ஸ் வேர் பாலிஷ்டு வித் எக் ஒயிட்.” தமிழில் ‘பூசினார்களாம்’ என்று ஓர் ‘ஆம்’ போட்டு முடிக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ‘ஆம்’ வாக்கியத்தின் முன்னால் “இட் இஸ் செட்” என்று போய் நிற்கிறது. பீப்பிள் சே என்றும் சொல்லலாம், தப்பில்லை.

இன்னும் இறுக்கமாகச் சொல்ல, சுவரையே முன்னால் கொண்டு வரலாம்: “தி வால்ஸ் ஆர் செட் டு ஹாவ் பீன் பாலிஷ்டு வித் எக் ஒயிட்.” ஒரே வாக்கியத்தில் இரண்டு பாசிவ். “ஆர் செட்” இன்றைக்குச் சொல்லப்படுவது, “ஹாவ் பீன் பாலிஷ்டு” அன்றைக்கு நடந்தது. இரண்டு காலமும் வேறு என்பதால்தான் ‘டு பி’ வராமல் ‘டு ஹாவ் பீன்’ வருகிறது. முதல் நாள் இதைச் சொல்ல நாக்கு தடுக்கும். “தி வால்ஸ் ஆர் செட்” என்று நிறுத்தி, மூச்சு எடுத்து, “டு ஹாவ் பீன் பாலிஷ்டு” என்று தொடருங்கள். கேள்வி கேட்ட தம்பி மூன்றாம் நாள் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில் நின்று, சுவரைத் தடவிக் காட்டியபடி ஒரே மூச்சில் சொன்னார்.